ஞாயிற்றுக்கிழமை சாட்சி

இதனால் அழகுமலை இல்லத்தில் வசிக்கும் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், இன்று சாட்சி சொல்வதற்காக இவ்வீட்டு வாசலைத் தாண்டும் எவரும் மீண்டும் உள்ளே வரக் கூடாது!

அறிவித்தவர் ஒத்தக்கடையில் ஒரு குடியிருப்போர் சங்கத்தின் துணைச் செயலாளர் அழகுமலை. கேட்டவர்கள் மனைவி முத்துமீனா, தாயார் சோலையம்மாள், அடுப்பிலிருந்த குக்கர். குக்கர் மட்டும் பதில் சொன்னது.

விஷயம் இதுதான். எழுமலையில் அண்ணன் வயலுக்கும் தம்பி வயலுக்கும் நடுவே இருந்த எல்லைக்கல்லை, ஆறு வருஷத்துக்கு முன் ஒரு மழைநாளில் அழகுமலை தம்பி பக்கமாக நகர்த்தி நட்டுவிட்டார். தம்பி நல்லகாமன் கேஸ் போட்டான். பேச்சு நின்றது. நேற்று முத்துமீனா போனில், "நாளைக்குச் சாட்சி சொல்லிர்றேன்க்கா... எதையும் மறைக்க மாட்டேன்" என்றது அவர் காதில் விழுந்துவிட்டது.

"அவனுக்குச் சாட்சி சொல்லி என்னைய உள்ள தள்ளப் போறியாடி?"

"கோர்ட்டுல இல்லங்க... சபையில."

"கிராம சபையிலயா! ஊரே கூடுற எடத்துலயா!"

"ஜெபம் பண்ற சபைங்க..." என்றது அவர் காதில் ஏறவில்லை. துணைச் செயலாளர்களுக்குத் தம் குரல் ஓய்ந்த பிறகுதான் காது வேலை செய்யும்.

"வெள்ளிக்கு வெள்ளி ஜெபம் ஜெபம்னு போனவ, இப்பக் குடியக் கெடுக்கவும் கத்துக்கிட்டியாத்தா?" என்று சோலையம்மாள் மூக்கைச் சிந்தினாள்.

இருபத்திரண்டு வருஷம் உழைத்த வீடு. இதை விட்டால் முத்துமீனாவுக்குப் போக்கிடம் கிடையாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போய்ட்டு வாரேங்க" என்றாள். 'வாரேன்' என்று சொல்ல இனி உரிமை இருக்கிறதா என்று தெரியாமலேயே சொன்னாள்.

மேலூர் ரோட்டில் டயர்க் கடைக்கு மேலே இருந்தது சபை. ஆண்டவர் தன் வாழ்க்கையில் செய்ததை எல்லார் முன்னாலும் மனம் திறந்து சொல்வதற்குத்தான் அங்கே சாட்சி என்று பேர். பின்னாலேயே பைக்கில் வந்த அழகுமலை, செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் ஒளிந்து நின்றார்.

"எனக்குப் புள்ள இல்ல," என்றாள் முத்துமீனா மைக்கில். "எதுக்கு ஆண்டவரே என்னையப் படைச்சன்னு தெனமும் அழுவேன். போன மாசம் அவரு திருப்பிக் கேட்டாரு... 'நீ வளத்த புள்ள எங்க?'ன்னு. நான் கல்யாணமாகி வந்தப்ப என் கொழுந்தனுக்கு எட்டு வயசு. நான்தான் சோறு ஊட்டுனேன், தலை சீவிவிட்டேன். அவன் வயலோட எல்லைக்கல்லை நகட்டுனப்ப... நான் பக்கத்துல கொடை பிடிச்சுக்கிட்டு நின்னேன்! தடுக்கல. பாவம் பண்ணுனது நான். எதுக்குப் படைச்சாருன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு. அந்தப் புள்ளைக்கு ஆத்தாளா இருக்கத்தான்..."

கல்லை நகர்த்தியது யார் என்று அவள் சொல்லவேயில்லை.

சபையே அழுதது. பாஸ்டர் கண்ணைத் துடைத்தபடி, "முதன்முறையா வந்திருக்கிற சகோதரர் ரெண்டு வார்த்தை பேசட்டும்!" என்று செருப்புக் குவியல் பக்கம் கைகாட்டினார். மைக் வந்தது. கொடியேற்றத்துக்கு முக்கால் மணி நேரம் பேசக்கூடிய அழகுமலைக்கு ஒரே ஒரு வரிதான் வந்தது.

"நகட்டுனது நான்தேன்."

மத்தியானமே ஆரப்பாளையம் போய் பஸ் ஏறினார்கள். "ஏத்தா மீனா, என்னையும் கூட்டிட்டுப் போ" என்று சோலையம்மாளும் வந்து சேர்ந்துகொண்டாள்.

எழுமலை வயலில் நின்ற நல்லகாமன் அண்ணனைப் பார்க்கவேயில்லை.

"ஆறு வருஷமா நான் சாப்பிட்டேனா செத்தேனான்னு கேக்கத் தோணலல்ல மதினி?"

"பாவிதான்டா நான்... அடிச்சுக்கூடப் போடு, பேசாம மட்டும் இருக்காத!"

முப்பது வயசு ஆம்பளை அவள் தோளில் முகம் புதைத்து விம்மினான். அண்ணன் கடப்பாரையை எடுத்தார். தம்பி, "தள்ளுண்ணே, உனக்குக் குனிய முடியாது" என்று அதைப் பிடுங்கிக்கொண்டான்.

கல் பழைய இடத்துக்குப் போனது. நகர்ந்திருந்த தூரத்தை டேப் வைத்து அளந்தார்கள்.

ஒன்றரை அடி.