நத்தை அழித்த பதினான்கு வரிகள்

மிளகுக்கு நத்தையின் மேல் முதல் நாளிலிருந்தே சந்தேகம்தான்.

மிளகு என்பது வீட்டில் வைத்த பெயர். ஆள் சிறியவள், காரம் பெரியது. நத்தை யார் என்று ஒருவருக்கும் தெரியாது. அம்மா எழுதிய பேருந்துச் செயலிக்கு எங்கிருந்தோ அந்தப் பெயரில் திருத்தம் அனுப்புகிற ஆள், அவ்வளவுதான்.

பேருந்தில் போகும்போது அடுத்த நிறுத்தத்தின் பெயரை அந்தச் செயலி காதில் சொல்லும். மிளகின் மாமாவுக்குக் கண் தெரியாது. அவருக்காகத்தான் அம்மா அதை எழுதினாள். பிறகு, எல்லாருக்கும் உதவட்டுமே என்று அதன் நிரல் வரிகள் மொத்தத்தையும் இணையத்தில் திறந்து வைத்துவிட்டாள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தமும் அனுப்பலாம். அம்மா சரி என்றால்தான் அது சேரும்.

"காசும் வாங்காம, பேரும் சொல்லாம ஒருத்தர் எதுக்கும்மா வேலை செய்யணும்?"

"நல்ல மனசா இருக்கும்டி."

"இல்ல, இதுல ஏதோ இருக்கு," என்றாள் மிளகு.

அன்று மாலை அவள் சந்தேகம் உறுதியானது. நத்தையிடமிருந்து புதுத் திருத்தம் வந்திருந்தது. சேர்க்கும் வரி பச்சையிலும் நீக்கும் வரி சிவப்பிலும் தெரியும். இப்போது திரை முழுக்கச் சிவப்பு. பதினான்கு வரிகள். அத்தனையும் மிளகு எழுதியவை!

அம்மாவைப் படாதபாடு படுத்திக் கற்றுக்கொண்டு, போன வாரம்தான் அவள் முதன்முதலாக எழுதிச் சேர்த்திருந்தாள். ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயருக்கும் முன்னால் ஆறு தடவை 'டிங் டாங்' என்று மணி அடிக்கும்.

"பாத்தியா! பொறாமை! இது நத்தை இல்லம்மா, பாம்பு!"

அம்மா துணி மடித்துக்கொண்டே சிரித்தாள். "உன் வரிதானே? சேக்கறதா வேணாமான்னு நீயே பாத்து முடிவு பண்ணு."

மிளகு உடனே 'வேண்டாம்' பொத்தானை அழுத்தியிருப்பாள். ஆனால் நத்தையின் மூக்கை ஆதாரத்தோடு உடைக்க ஆசை. மறுநாள் பள்ளி விட்டதும் மாமா வேலை செய்யும் இடத்துக்குப் போய், அவரோடு பேருந்தில் ஏறினாள். ஆளுக்கு ஒரு காதில் இயர்போன். கைக்குட்டையால் கண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"உன்னைக் கடத்திட்டுப் போறேன்னு யாராவது நினைக்கப் போறாங்க," என்றார் மாமா.

டிங் டாங். டிங் டாங். மணி இனிமையாகத்தான் இருந்தது. பேருந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள். டிங் டாங். கதவு மூடியது. பேருந்து கிளம்பியது. அதன் பிறகுதான் காதில் பெயர் வந்தது. அவர்கள் வீட்டு நிறுத்தத்தின் பெயர்!

மிளகு கட்டை அவிழ்த்தாள். "மாமா! நம்ம நிறுத்தம் போயிடுச்சு!"

"தினமும்தான் போகுது. நிறுத்தமெல்லாம் பக்கத்துப் பக்கத்துல இருக்கு. மணி முடியறதுக்குள்ள பஸ் கிளம்பிடும். நான் அடுத்ததுல இறங்கித் திரும்ப நடந்துடுவேன்."

"ஒரு வாரமாவா? ஏன் மாமா சொல்லல?"

"நீ ஆசையா வச்ச மணியாச்சே. எப்படிச் சொல்றது?"

அடுத்த நிறுத்தத்தில் இருவரும் இறங்கினார்கள். திரும்பும் வழியில் ஒரு பெரிய சாலையைக் கடக்க வேண்டியிருந்தது. வண்டிகள் சீறிக்கொண்டு போயின. மாமாவின் கையை அவள் விடவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் நத்தையின் திருத்தத்தை மறுபடி திறந்தாள். சிவப்பு வரிகளுக்கு மேலே ஒரு குறிப்பு இருந்தது. நேற்றைய கோபத்தில் அவள் அதைப் படிக்கவே இல்லை.

'மணி அழகு. ஆனால் அது முடிவதற்குள் என் நிறுத்தம் போய்விடுகிறது. எனக்கும் கண் தெரியாது. மணி வைத்தவர் மன்னிக்கவும்.'

மிளகு 'சேர்' பொத்தானை அழுத்தினாள். பதினான்கு வரிகளும் போயே போய்விட்டன. அழுகை வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, புதிதாக இரண்டே வரி எழுதினாள். முதலில் பெயர், பிறகு ஒரே ஒரு மணி. அம்மாவிடம் காட்டுவதற்கு முன்பே நத்தைக்கு அனுப்பினாள். 'பேருந்தில் போய்ப் பார்த்துச் சொல்லுங்கள்.'

காலையில் பதில் வந்திருந்தது. 'சரியான இடத்தில் இறங்கினேன். மணியும் கேட்டது.'

"பஸ்ல போற நத்தையை இப்பதான் கேள்விப்படறேன்," என்று முணுமுணுத்தாள் மிளகு. அம்மா அந்த இரண்டு வரிகளையும் செயலியில் சேர்த்தாள்.

அன்று மாலை யாரோ கதவைத் தட்டினார்கள். இந்த நேரத்தில் யார்? மிளகு தாழ்ப்பாளைத் தொடவில்லை.

"யாரது?"

"மாமாதான்."

"பொய்! மாமா வர இன்னும் கால் மணி நேரம் இருக்கு!"

"இன்னிக்கு நான் திரும்ப நடக்கல மிளகு," என்றார் மாமா.