மனம் நடக்கும் தூரம்

தூத்துக்குடி விமான நிலையத்தின் தூரநேரக் கூண்டில் இசக்கிமுத்து வழக்கம்போல் பத்து மணிக்கு வந்து உட்கார்ந்தார். பயணிகள் எந்த ஊரைக் கேட்டாலும் அவர் இரண்டு எண்கள் சொல்வார். லண்டன் என்றால் முப்பத்தெட்டு நிமிடம், ஒன்பது நாள். முதலாவது பறக்கும் நேரம், மற்றது தரிப்பு.

மீவேக விமானங்கள் வந்த புதிதில் தரிப்பு கிடையாது. ஒரு மணி நேரத்தில் உடம்பு போய் இறங்கிவிடும், மனம் வந்திருக்காது. வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளை மணப்பெண்ணின் அக்கா கழுத்தில் தாலி கட்டப்போய் ஊரே சிரித்தது. மனம் நாளொன்றுக்கு ஆயிரம் கிலோமீட்டர்தான் நடக்கும் என்று ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து மனம் வந்து சேரும்வரை விமான நிலையத் தரிப்பகத்தில் தங்கிவிட்டுத்தான் ஊருக்குள் கால் வைக்க வேண்டும். ஊர்க்காரர்கள் உள்ளே போய்ப் பார்க்கவும் கூடாது. இந்தச் சட்டப் புத்தகம் இசக்கிமுத்துவுக்குத் தலைகீழ்ப் பாடம். அதில் அவருக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு.

பதினொரு மணிக்கு ரெக்சலின் வந்தாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவள். அவள் கணவன் ஜெபஸ்தியான் சிலி நாட்டுச் செம்புச் சுரங்கத்தில் வேலை பார்க்கிறான். இருவருக்கும் வருடத்துக்கு ஏழே நாள் விடுப்பு. நான்கு வருடமாக அவள் சிலியின் தலைநகர் சாந்தியாகோவைக் கேட்பதும், இவர் எழுபது நிமிடம், பதினாறு நாள் என்று கிளிப்பிள்ளையாய் ஒப்பிப்பதும், அவள் தலையாட்டிவிட்டுப் போவதும்தான் நடந்துகொண்டிருந்தது. இந்த முறை அவள் நகரவில்லை.

"தரிப்பகத்துக்குள்ள இருக்கிறவங்க ஒருத்தரையொருத்தர் பாத்துக்கிடலாமா அண்ணாச்சி?"

பார்க்கலாம் என்றார். அப்படியானால் தானும் கணவனும் நடுவில் ஓர் ஊரில் இறங்கினால் என்ன என்று கேட்டாள். இசக்கிமுத்துவின் விரல்கள் திரையில் ஓடின. கேப் டவுன், இரண்டு பக்கமும் எண்ணாயிரம் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. தரிப்பு முடியாமல் திரும்புகிறவர், அங்கே இருந்த நாட்கள் அளவுக்கே ஊரில் தரிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருந்தது. மூன்று நாள் அங்கே, மூன்று நாள் இங்கே, ஏழுக்குள் அடங்கிவிட்டது. நான்கு வருடமாக இந்தப் புத்தகத்தைத்தானே சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்று அவருக்கு வெட்கமாகிவிட்டது.

ஆனால் சொல்லாமல் இருக்க மனம் ஒப்பவில்லை. "கேட்டுக்கோம்மா. அந்த மூணு நாளும் ரெண்டு பேரு மனசும் நடுக்கடல்லதான் நிக்கும். பக்கத்துல உக்காந்திருந்தாலும் ஒட்டாது. யாரோ மாதிரிதான் தெரியும்."

ரெக்சலின் பயணப் பதிவுக்காக அடையாள அட்டையை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"நாலு வருசமா மனசுதான் அண்ணாச்சி அங்க போயிட்டு வந்துட்டு இருக்கு. ஒரு வாட்டி உடம்பு மட்டும் போயிட்டு வரட்டும்."