ருசி பற்றிப் பேசக் கூடாது

"நீங்கதானே மொறுமொறு?"

கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள் அவள். மழையில் பாதி நனைந்திருந்தாள். கைப்பையிலிருந்து சொட்டிய தண்ணீர் மேஜைமேல் சின்னக் குளமாகத் தேங்கியது. சாயங்காலம் நாலு மணி, ஜன்னலோர மேஜை, தனியாக ஓர் ஆள்... எல்லாம் சொன்னபடிதான் இருந்தது.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

அப்படியொரு பார்வையை அவள் எதிர்பார்க்கவில்லை. நாள் முழுக்க நின்று வேலை பார்த்தவனின் களைப்பு அந்தக் கண்களில் இருந்தது. களைப்புக்கு அடியில் ஏதோ ஒன்று மெல்லச் சிரித்தது. மழை விடுவதற்கு முன்பே எட்டிப் பார்த்துவிடும் வெயிலைப் போல...

"நான் வந்து..."

"ஐயோ, பேரைச் சொல்லிடாதீங்க! எங்க தளத்துல யாரோட நிஜப் பேரும் யாருக்கும் தெரியாது. என் பேரும் உங்களுக்குத் தெரியாது. அதுதான் முதல் விதி."

அவன் வாயை மூடிக்கொண்டான். பிறகு, "ரெண்டாவது விதி?" என்றான்.

"ருசியைப் பத்திப் பேசக் கூடாது."

"சாப்பாட்டைப் பத்தி எழுதற தளத்துலயா?"

"எழுதலாம். பேசக் கூடாது!"

துரித உணவுக் கடைகளில் சாப்பிட்டுப் பார்த்து விமர்சனம் எழுதும் இணையதளம் அது. அவளும் அக்காவும் ஐந்து வருடமாக நடத்திவந்தார்கள். கணினி, விளம்பரம், சண்டை போடும் கடைக்காரர்கள் எல்லாம் அக்காவின் பொறுப்பு. புதிதாக எழுத வருகிறவர்களை வரவேற்பது மட்டும் அவளுடையது. ஒவ்வொருவருக்கும் தன் கைப்பட ஒரு கடிதம் எழுதுவாள். பிறகு அவர்களோடு ஒரு முதல் சாப்பாடு. ஒரே தட்டு, இரண்டு பேர். ருசியைப் பற்றி மூச்சு விடக் கூடாது. ஒருவர் 'நல்லாருக்கே' என்றுவிட்டால் மற்றவரின் நாக்கும் உடனே தலையாட்டிவிடும் அல்லவா? தின்று முடித்ததும் இருவரும் தனித்தனியே எழுதி, தாள்களை மாற்றிக்கொள்ள வேண்டும்.

பர்கரும் ஃப்ரைஸும் வாங்கிவர அவளே போனாள். கவுன்டரில் நின்ற பெண் அவள் தோளுக்குப் பின்னால் ஜன்னலோர மேஜையைப் பார்த்துவிட்டு, கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த வயசுப் பெண்களுக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு என்று நினைத்துக்கொண்டு அவள் தட்டோடு திரும்பினாள்.

"சரி, ருசியைத் தவிர எதைப் பத்தி வேணும்னாலும் பேசலாம்."

அவன் ஒரு ஃப்ரையை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். "எத்தனை பேரை இப்படி வரவேத்திருக்கீங்க?"

"இருநூறுக்கு மேல இருக்கும்."

"இப்ப எத்தனை பேர் எழுதறாங்க?"

அந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை. "பதினொன்னு," என்றாள்.

"மத்தவங்க?"

"போயிட்டாங்க. மூணு கடை, நாலு கடை எழுதுவாங்க. அப்புறம் ஒருநாள் நம்ம கடிதத்துக்குப் பதில் வராது... அவ்வளவுதான்."

லேசாகத்தான் சொன்னாள். ஆனால் கல்யாணம் வரை பேசி முடித்த ஒருவனும் அப்படித்தான், ஒரு கடிதத்துக்குப் பதில் போடாமல் காணாமல் போனான் என்பது அவளுக்கு மட்டும் தெரியும். அதன் பிறகு வாசலோடு நின்றுகொள்வதில் ஒரு வசதியைக் கண்டுகொண்டிருந்தாள். வருகிறவர்களைப் பார்த்து 'வாங்க' என்று சிரிக்கலாம். யார் தங்குகிறார்கள் என்று உள்ளே திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

"அப்புறமும் எப்படிங்க அலுக்காம 'வாங்க'ன்னு சொல்றீங்க?"

ஜன்னல் கண்ணாடியில் மழை நூல் நூலாக இறங்கியது. அதன் நிழல் அவன் முகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பார்க்கக் கூடாது என்று நினைத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்...

அவர்கள் மழையைப் பற்றிப் பேசினார்கள். பொய் சொல்லத் தெரியாத முகங்களைப் பற்றிப் பேசினார்கள். "உங்க மூஞ்சியில ஸாஸ்," என்றான் அவன். "அது ருசியைப் பத்தின பேச்சு, விதிமீறல்," என்றாள் அவள். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. எழுதி, தாள்களை மாற்றிக்கொண்டார்கள். தளம் நடக்கும் வீட்டின் முகவரி அச்சடித்த வரவேற்புக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு அவள் எழுந்தபோது, அவன் அதை இரண்டு கையாலும் வாங்கினான்.

பேருந்தில் உட்கார்ந்து அவன் தாளைப் படித்தாள்.

'பர்கர் பரவாயில்லை. ஃப்ரைஸை வறுத்தவன் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இருந்திருக்கிறான். எண்ணெய் மாற்றி நாலு நாளாவது ஆகியிருக்கும். வெளியே பொன்னிறம், உள்ளே அசதி. ஆனால் எதிரே ஒருவர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் ஆறிப்போன ஃப்ரைஸையும் ஆசையாகத் தின்ன முடிகிறது. இதற்கு எப்படி மதிப்பெண் போடுவது என்று தெரியவில்லை.'

கடைசி இரண்டு வரிகளை வெட்டிவிட்டு மீதியைத் தளத்தில் போட்டாள். வெட்டிய வரிகளைத் தனக்கென்று வைத்துக்கொண்டாள்.

அந்த வாரம் தளத்தில் அதிகம் படிக்கப்பட்டது அதுதான். 'யார் இந்த மொறுமொறு? நாக்கா, எக்ஸ்ரேயா?' என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பாராட்டி மொறுமொறுவுக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். ஒரே வாக்கியம் எழுத ஏன் அத்தனை நேரம் எடுத்தது என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் பதில் வந்தது.

'அன்புள்ள ஆசிரியருக்கு, அன்று மழையில் பேருந்து கிடைக்காததால் என்னால் வர முடியவில்லை. எனக்கு வயது அறுபத்திரண்டு, முழங்காலும் சொன்னபடி கேட்பதில்லை. என் பெயரில் வந்த விமர்சனத்தை என் மருமகள் படித்துவிட்டு, அத்தை இப்படியெல்லாம் எழுதுவீர்களா என்று ஒரு வாரமாக மரியாதையாக நடத்துகிறாள். சந்தோஷம்தான். ஆனால் அதை எழுதியது நானில்லை.'

அக்கா அதை இரண்டு முறை படித்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றித் தங்கையைப் பார்த்தாள்.

"ஏன்டி, நீ கேள்வி கேட்டியா இல்லையா?"

எழுத விண்ணப்பிக்கிறவர்கள், தாங்கள் சாப்பிட்டதிலேயே மோசமானது எது என்று எழுதி அனுப்ப வேண்டும். நேரில் சந்தித்ததும் அவள் முதலில் அதைத்தான் கேட்பாள். பெயர் இல்லாத இடத்தில் ஆளை அடையாளம் காண அது ஒன்றுதான் வழி.

"கேக்கல..."

"இருநூறு பேர்கிட்ட கேட்டவ, இவன்கிட்ட மட்டும் ஏன் கேக்கல?"

"மழைக்கா..."

"மழை பெஞ்சா வாய் அடைச்சுக்குமா? சரி, வந்தவன் யாரு?"

அதைத் தெரிந்துகொள்ளத்தான் அவள் அந்தக் கடைக்குப் போனாள். கவுன்டருக்குப் பின்னால், தலையில் கடையின் தொப்பியும் இடுப்பில் ஏப்ரனுமாக, கொதிக்கும் எண்ணெயிலிருந்து கம்பிக்கூடையைத் தூக்கி உதறிக்கொண்டிருந்தான் அவன்.

அவளுக்குக் காது மடல் வரை சுட்டது. கவுன்டர் பெண் ஏன் சிரித்தாள் என்று இப்போது புரிந்தது.

அவன் பார்த்துவிட்டான். கூடையை மாட்டிவிட்டு, கையைத் துடைத்தபடி வெளியே வந்தான்.

"இங்கயா வேலை பாக்கறீங்க?"

"ஆறு வருஷமா. அன்னிக்கு ஷிஃப்ட் முடிஞ்சு, மழை விடட்டும்னு உட்கார்ந்திருந்தேன்."

"அந்த ஃப்ரைஸ்?"

"ஷிஃப்ட் முடியறதுக்கு முன்னாடி நான் வறுத்து வச்சதுதான்."

"நல்லா ஏமாத்தினீங்க..."

"சொல்லத்தாங்க வாயெடுத்தேன். நீங்கதான் விதின்னு அடக்கிட்டீங்க."

"அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் இருந்துச்சே!"

அவன் தலைகுனிந்தான். "இருந்துச்சு. சொன்னா எழுந்து போயிடுவீங்களேன்னு சொல்லல."

வேறொரு நாளாக இருந்திருந்தால் அந்த வாக்கியம் அவளுக்குள் இறங்கியிருக்கும். அன்று கோபம் வழியை மறித்துக்கொண்டு நின்றது. "ஒரு கடையில வேலை பாக்கறவங்க அந்தக் கடையைப் பத்தி எழுதக் கூடாது. அது எங்க தளத்தோட உயிர்."

"நான் புகழ்ந்து எழுதலையே. என்னை நானே திட்டித்தானே எழுதினேன்?"

"அதனாலதான் ஜனங்க நம்பினாங்க. எங்கயிருந்து வந்ததுன்னு தெரியாம நம்பினவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"உண்மையைச் சொல்லுங்க."

"சொன்னா உங்க வேலை?"

அவன் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவள் திரும்பிப் பார்க்காமல் வெளியேறினாள்.

"சத்தமில்லாம எடுத்துடு," என்றாள் அக்கா. "யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே."

விமர்சனத்தை எடுத்தாள். அந்த இடத்தில் ஒரு திருத்தம் எழுதினாள். 'இதை எழுதியவர் அந்தக் கடையிலேயே வேலை செய்பவர். இது தெரியாமல் வெளியிட்டோம். தவறு அவருடையதல்ல, வரவேற்றவருடையது.' மூன்றே வாக்கியம்தான். அதை வெளியிடும் பொத்தானை மட்டும் அழுத்த முடியவில்லை. கடையில் இருப்பதே நாலைந்து பேர். முதலாளி படித்த மறுநிமிடம் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். வெளியிட்டால் அவன் பிழைப்பு போகும். வெளியிடாவிட்டால் இனி எந்த முகத்தோடு புதிதாக வருகிறவர்களுக்கு விதி சொல்வது? போதாததற்கு, நேர்மை என்று தான் சொல்லிக்கொள்வதில் எவ்வளவு நேர்மை, எவ்வளவு ரோஷம் என்று வேறு ஒரு கேள்வி குடைந்தது. இரண்டு நாள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் காலை கதவு தட்டப்பட்டது. திறந்தால்... அவன். வெளியே மழை. தோளெல்லாம் ஈரம். கையில் அந்த வரவேற்புக் கடிதம்.

"முகவரி இதுல இருந்துச்சு," என்றான். "நீங்க இன்னும் எதுவும் போடல. என்னாலதான் யோசிக்கறீங்கன்னு தோணுச்சு. அதான் முதலாளிகிட்ட நானே போய்ச் சொல்லிட்டேன்."

"ஐயோ... என்ன சொன்னாரு?"

"கால் மணி நேரம் கத்தினாரு. அப்புறம் எண்ணெய் எப்ப மாத்தணும்னு கேட்டாரு. ஒரு மாசம் அடுப்புப் பக்கம் போகக் கூடாது, பாத்திரம் கழுவணும்." சிரித்தான். "இனி நீங்க தைரியமா போடலாம்."

அவள் உள்ளே போனாள். பொத்தானை அழுத்தினாள். திரும்பி வந்தபோது அவன் அதே இடத்தில், வாசலுக்கு வெளியே, கூரைத் தண்ணீர் தோளில் விழ நின்றுகொண்டிருந்தான்.

"போட்டுட்டேன்."

"சரிங்க. இன்னொன்னையும் சொல்லிட்டுப் போயிடறேன்." கடிதத்தை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். "ஆறு வருஷமா சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்னு வறுக்கறேன். இந்தப் பக்கம் உட்கார்ந்து யார் கூடவும் சாப்பிட்டதில்ல. நீங்க கூப்பிட்டது வேற யாரையோன்னு ரெண்டாவது வார்த்தையிலயே தெரிஞ்சுடுச்சு. தெரிஞ்சும் விட்டுக்கொடுக்க மனசு வரல. எழுதறதுக்கு ஆசைப்பட்டு இல்லைங்க... உங்க எதிர்ல உட்கார்ந்திருக்கத்தான்."

மழைச் சத்தம் திடீரென்று நின்றுவிட்டதுபோல் இருந்தது. நிற்கவில்லை. அவளுக்குத்தான் கேட்கவில்லை.

"தவறு என்னோடதுன்னு எழுதியிருக்கேன்," என்றாள். "என்ன தவறுன்னு எழுதல."

"என்ன தவறு?"

"வர்ற எல்லார்கிட்டயும் முதல்ல ஒரு கேள்வி கேப்பேன். ஆள் அவங்கதானான்னு தெரிஞ்சுக்க. உங்ககிட்ட கேக்கல. மழையில மறந்துட்டேன்னு அக்காகிட்ட சொன்னேன்... அது பொய்." கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க நிமிர்ந்து பாத்தீங்க. கேட்டா, அவர் நீங்க இல்லைன்னு ஆயிடுமோன்னு பயந்துட்டேன். வேணும்னேதான் கேக்கல. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. அன்னிக்கே... அந்த நிமிஷமே."

அவன் கண்களில் களைப்பு இல்லை. அடியில் மறைந்திருந்த சிரிப்பு இப்போது முகம் முழுக்க வந்துவிட்டது.

உள்ளறையிலிருந்து அக்காவின் குரல் கேட்டது. "பேசறதை உள்ள வந்து பேசினா என்னவாம்? சாரல் பூரா என் கம்ப்யூட்டர் மேல அடிக்குது!"

அவள் வாசலைவிட்டு ஒதுங்கி வழிவிட்டாள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கதவைச் சாத்தினான்.