விரிசல் விழாத கண்ணாடி

"இந்த சுவத்துல இருந்த ஜன்னல் எங்க?"

ராஜ்கமல் கேட்டதும் அவன் பொண்டாட்டி அமராவதி பெருமையா சிரிச்சா.

"வித்துட்டேங்க."

"யாருக்கு?"ன்னு கத்திட்டான்...

சிதம்பரத்துல அவங்க கடை. இடிக்கிற பழைய வீடுங்கள்லேர்ந்து செதுக்கு வேலை பண்ண மரஜன்னலா பார்த்து வாங்குவாங்க. கம்பிய உருவிட்டு உள்ள மூஞ்சி பார்க்குற கண்ணாடி போட்டா, ஹால்ல மாட்ட ஆளுங்க அள்ளிட்டுப் போவாங்க. தொழில் நல்லாதான் போச்சு.

கூட்டாளி இளவரசு பொணமா வாய்க்கால்ல மிதக்குற வரைக்கும்.

பூட்டிக் கிடந்த வீட்டுலேர்ந்து ராஜ்கமல் ஒரு ஜன்னலைத் திருடிட்டான். இளவரசு அதைக் கண்டுபுடிச்சு, "போலீஸ்ல சொல்லிடுவேன் மச்சான்"னான்.

சொல்லத்தான் விடலை. கையில இருந்த உளி... கழுத்துல ஒரே இறக்கு.

இன்னிக்குக் காலையில போலீஸ் ஜீப் பக்கத்துக் கடை வாசல்ல வந்து நின்னப்ப அந்த உளி பட்டறைக்குள்ளதான் இருந்துச்சி. ரத்தம் காஞ்ச துண்டுல சுத்தி. யோசிக்க நேரமில்ல. ஒரு ஜன்னலோட கண்ணாடிக்கும் பின்பக்க பிளைவுட்டுக்கும் நடுவுல சொருகி, ஆணி அடிச்சி, சுவத்துல மாட்டிட்டான். பழைய காலத்து மரச்சட்டம், நல்ல ஆழம். கடைய சோதனை போட்ட ஏட்டு, போறப்ப அதுல பார்த்துத்தான் தலை சீவுனாரு.

ஸ்டேஷன்ல இன்ஸ்பெக்டர் அறிவுமதி கண்ணு சிமிட்டாம கேள்வி கேட்டாங்க. கடைசியா, கூப்புட்டா வரணும்னு சொல்லி விட்டுட்டாங்க.

தப்பிச்சோம்னு வந்தா... சுவரு காலி.

வாங்குனது கடலூர் மஞ்சக்குப்பத்துல லோகநாயகின்னு ஒரு அம்மாவாம். நாளைக்குப் புது வீட்டுக்குப் பால் காய்ச்சுறாங்களாம். ஆசையா காரு மேல கட்டி எடுத்துட்டுப் போனாங்களாம்.

உளியோட கைப்பிடியில ரா.க.ன்னு சூடு போட்டிருக்கு. அது வெளிய வந்தா தூக்கு!

பில்லுல இருந்த அந்தம்மா நம்பருக்கு போன் போட்டான்.

"மேடம், அந்தக் கண்ணாடில லேசா விரிசல் விட்டிருக்கு. வெளிய தெரியாது. யாரும் கை வெச்சிடாதீங்க. நானே வந்து ப்ரீயா வேற மாத்தித் தர்றேன்."

அந்தம்மா பதறிட்டாங்க.

"விரிசலா...?"

"பயப்படாதீங்க. சாயங்காலத்துக்குள்ள வந்துடுறேன்."

நம்புற மாதிரி இருக்கணுமே. புதுக் கண்ணாடிய அளவு பார்த்து அறுத்து வாங்கவே மத்தியானம் ஆயிடுச்சி. டாடா ஏஸ்ல ஏத்திக்கிட்டு கிளம்புனான்.

ஆலப்பாக்கம் தாண்டுறப்ப போன் அடிச்சிது. லோகநாயகி.

"எங்க வர்றீங்க தம்பி?"

சொன்னான்.

"கூட யாராச்சும் வர்றாங்களா... தனியாவா?"

"தனியாதான்மா."

"சரி... நிதானமா வாங்க."

அந்தம்மா குரல் நூலு மாதிரி இருந்துச்சி. கிரகப்பிரவேச அலைச்சல்னு நெனச்சிக்கிட்டான்.

வீட்டு வாசல்ல வாழமரம், மாவிலைத் தோரணம். ஆனா ஆளுங்க சத்தமே இல்ல. கதவு மட்டும் திறந்து கிடந்துச்சி.

ஹால் நடுவுல ரெண்டு சேரு மேல அவனோட ஜன்னல் நின்னுச்சி.

கிட்டப் போனான். தன் மூஞ்சி தெரியும்னு பார்த்தான்.

தெரியல.

ஜன்னலுக்குள்ள கண்ணாடியே இல்ல. அந்தப் பக்கத்துலேர்ந்து வேற ஒரு மூஞ்சி அவனையே பார்த்துக்கிட்டிருந்துச்சி.

அறிவுமதி.

"காலையில பார்த்தோமே, ஞாபகம் இருக்கா?"

அவங்க கையில பிளாஸ்டிக் கவர். கவருக்குள்ள உளி.

திரும்பி ஓடப் பார்த்தான். வாசல்ல அதே ஏட்டு.

அடுப்படியிலேர்ந்து லோகநாயகி வந்தாங்க.

"விரிசல் விட்ட கண்ணாடிய வீட்டுல வெச்சிக்கிட்டு எப்படிப்பா பால் காய்ச்சுறது? நீ போனை வெச்சதும், கதவு மாட்டிக்கிட்டிருந்த ஆசாரிய உடனே கழட்டி வெளிய போடச் சொன்னேன். பின்னாடி பலகைய எடுத்தாரு... ரத்தத் துண்டோட உளி விழுந்துச்சி. அவருதான் போலீஸுக்கு போன் போட்டாரு."

காம்பவுண்டு சுவத்துல சாத்தி வெச்சிருந்த கண்ணாடியக் காட்டுனாங்க.

"நல்லா உத்துப் பார்த்துட்டேன் தம்பி. அதுல ஒரு கீறல்கூட இல்லையே..."

ஏட்டு ராஜ்கமலை வாசலுக்கு இழுத்துட்டு வந்தாரு. வெயில்ல அந்தக் கண்ணாடி பளபளன்னு மின்னுச்சி. அதுல அவன் மூஞ்சி, அதுக்குக் கீழ விலங்கு மாட்டுன கை.

லோகநாயகி தயங்கித் தயங்கி இன்ஸ்பெக்டர் பக்கம் வந்தாங்க. ப்ரீயா மாத்தித் தர்றேன்னு சொன்னானே, அது என்னாச்சுன்னு கேட்டாங்க.

அறிவுமதி டாடா ஏஸைக் காட்டுனாங்க.

"வண்டில இருக்கும்மா, ஆசாரியவே மாட்டச் சொல்லிடுங்க. இவரு இனிமே சர்வீஸுக்கு வர வருஷக்கணக்கா ஆவும்."