புலி வாங்கிய ரேம்

செத்துக் கிடந்தார் போட்டோ ஸ்டூடியோ முதலாளி.

கண் திறந்திருந்தது. வாயும் திறந்திருந்தது. கடைசி நிமிஷத்திலும் யாரையோ திட்டிக்கொண்டிருந்திருப்பார் போல...!

பக்கத்தில் இரும்பு லைட் ஸ்டாண்ட். அடிப்பாகத்தில் ரத்தம். பிடியை மட்டும் யாரோ பளிச்சென்று துடைத்திருந்தார்கள்.

"துடைச்சிருக்கான். அதையும் அரைகுறையா." இன்ஸ்பெக்டர் மூக்கைச் சுளித்தாள். "ஏட்டய்யா, மதியம் இங்க யார் யார்?"

"சாப்பாட்டு நேரம்னு ஷட்டரை உள்ளேருந்து இறக்கியிருக்காங்க மேடம். முதலாளியோட பொண்ணு வந்து தட்டித் திறக்கவச்சு, பார்த்து அலறியிருக்கு. அதுவரைக்கும் உள்ள ரெண்டே பேர். மகன், மருமகன்."

"ஒருத்தன் கொலைகாரன். இன்னொருத்தன்?"

"மூஞ்சியைப் பார்த்தா ரெண்டுமே எதுக்கும் லாயக்கில்லாத மாதிரிதான் தெரியுது மேடம்!"

மருமகன் முந்திக்கொண்டான். இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை. கலையாத திமிர்.

"நான் எடிட்டிங் ரூம்ல இருந்தேன். கம்ப்யூட்டர் ஆமை மாதிரி ஊருதுன்னு மாமா புலம்பிட்டே இருந்தார். புது ரேம் வாங்கிட்டு வந்து மாட்டினேன். மதியம் பூரா ஆல்பம் டிசைன் பண்ணேன். அவ்வளவுதான்!"

"நீங்க இன்ஜினீயரா?"

"இன்ஜினீயருங்களே என்கிட்ட வந்து சந்தேகம் கேப்பாங்க. சொந்தக்காரங்க நடுவுல என் பேரே கம்ப்யூட்டர் புலி!"

சுவரோரம் அழுதுகொண்டிருந்தாள் அவன் மனைவி. செத்தவரின் மகள். அழுகைக்கு நடுவிலும் கண்ணை ஒரு உருட்டு உருட்டினாள்.

இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்தாள்.

"தம்பி... நீங்க?"

மகன் அத்தான் பக்கம் நகர்ந்து நின்றான்.

"நான்... அத்தான்கூடத்தான் இருந்தேன். பின்னாடியே நின்னு பார்த்தேன். புது ரேம் போட்டதும் படமெல்லாம் சும்மா பறந்துச்சு! இல்ல அத்தான்?"

மருமகன் திருதிருவென்று விழித்தான். பிறகு வேகவேகமாகத் தலையாட்டினான்.

"ஆ... ஆமா! பறந்துச்சு!"

"பறந்ததை நானும் பார்க்கணுமே. ஏட்டய்யா, அந்தக் கம்ப்யூட்டர் பொட்டியை இங்க தூக்கிட்டு வந்து திறங்க!"

"வேண்டாம் மேடம்!" மருமகன் பாய்ந்தான். "நுணுக்கமான வேலை. கண்டவங்க கை வைக்கக் கூடாது!"

"கண்டவங்கதான் வச்சிருக்காங்க போல. தள்ளி நில்லுங்க!"

திருகாணிகள் கழன்றன. மூடி விலகியது.

உள்ளே ஒரே ஒரு ரேம். தூசி படிந்த பழசு!

"புதுசு எங்க, புலி?"

அவன் கை தன்னையறியாமல் சட்டைப் பையைப் பொத்தியது. ஏட்டு அந்தக் கையை விலக்கிவிட்டு உள்ளே இருந்த புது ரேமை உருவினார்.

இன்ஸ்பெக்டர் பழசையும் கழற்றி, இரண்டையும் மேஜைமேல் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தாள்.

"பழசுல அடியோரத்து வெட்டு எங்க இருக்கு? புதுசுல எங்க இருக்கு?"

"கொஞ்சம்... தள்ளி..."

"இந்த போர்டுக்கு டிடிஆர் மூணுங்கற ரகம்தான் பொருந்தும். நீங்க வாங்கினது டிடிஆர் நாலு. ஜென்மத்துக்கும் உள்ள போகாது. வாங்கும்போது போர்டு என்ன ரகம்னு கடையில கேக்கலையா?"

"கேட்டாங்க மேடம்!" மூக்கைச் சிந்திவிட்டு மனைவி சொன்னாள். "நானும் கூடப் போயிருந்தேன். 'பழசைக் கழட்டி எடுத்துட்டு வாங்க சார், பார்த்துத் தரேன்'னு கடைக்காரர் தலைபாடா அடிச்சுக்கிட்டார். 'எனக்கே பாடமா?'ன்னு கேட்டுட்டு, இருக்கறதுலயே பெருசு எதுவோ அதை எடுத்துட்டு வந்தார்!"

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தாள்.

"அப்போ ரேம் மாட்டலை. ஆல்பம் பண்ணலை. மதியம் பூரா வேற எங்கயோ இருந்திருக்கீங்க. ஏட்டய்யா, விலங்கு!"

விலங்கைப் பார்த்ததும் புலி, பூனைகூட இல்லை... நனைந்த கோழி ஆனது.

"நான் கொல்லலை மேடம்! உள்ள... உள்ள தள்ளிட்டிருந்தேன்!"

"யாரை?"

"ரேமை!"

இரண்டு கைகளையும் நீட்டினான். கட்டைவிரல்கள் கன்றிச் சிவந்து, வரிவரியாய்த் தடித்திருந்தன. பெட்டிக்குள் டார்ச் அடித்தார் ஏட்டு. ரேம் மாட்டும் ஸ்லாட் ஓரத்தில் ஒரு பச்சைச் சில்லு. புது ரேமின் உடைந்த மூலையில் அது கச்சிதமாக உட்கார்ந்தது!

"இதை முதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"இவ முன்னாடி எப்படி மேடம் சொல்றது?" மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தான். "காலம் பூரா சொல்லிக் காட்டுவா..."

"தூக்குக்கயிறு தேவலாம்னு தோணிச்சாக்கும்! சரி... நீங்க தள்ளிட்டிருந்தப்போ கூட யார் இருந்தா?"

"யாருமில்ல. யாராவது பார்த்துடப் போறாங்கன்னு கதவை உள்தாழ்ப்பாள் போட்டுட்டேன்!"

இன்ஸ்பெக்டர் மெதுவாகத் திரும்பினாள்.

"தம்பி! பின்னாடியே நின்னீங்களே... படம் பறந்துச்சே... எந்த ஊர் கம்ப்யூட்டர்ல?"

மகன் ஷட்டரை நோக்கிப் பாய்ந்தான். ஏட்டு காலை நீட்டினார். அவ்வளவுதான். குப்புற விழுந்தான்.

"அத்தான் சொன்னது பொய்னு எனக்கெப்படித் தெரியும்?" தரையில் கிடந்தபடியே கத்தினான். "கெட்டிக்காரர்னு நம்பித்தானே ஒட்டிக்கிட்டேன்!"

"அப்பாவை ஏன்டா...?" அக்கா அலறினாள்.

"ஸ்டூடியோவை அத்தான்கிட்ட ஒப்படைக்கப் போறாராம்! 'கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆம்பளை இந்த வீட்டுல அவன் ஒருத்தன்தான்'னு என் மூஞ்சிக்கு நேரா சொன்னார். கையில ஸ்டாண்ட் இருந்துச்சு..."

இன்ஸ்பெக்டர் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அட வெட்டிப்பயலே! அப்பாவைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து அந்தக் கதவைத் தட்டியிருந்தா போதுமே! ஸ்டூடியோ சத்தமில்லாம உனக்கே வந்திருக்கும்!"

மகனை இழுத்துக்கொண்டு போனார்கள்.

மருமகன் சட்டையை நீவிவிட்டுக்கொண்டான். தொண்டையைச் செருமினான். மேஜைமேல் கிடந்த புது ரேமைத் தடவிப் பார்த்தான்.

"லேசா ஓரம்தான் போயிருக்கு... கடையில திருப்பி எடுத்துப்பாங்கல்ல?"

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"அது அப்புறம். முதல்ல உங்களை உங்கம்மா திருப்பி எடுத்துப்பாங்களான்னு கேட்டுக்கறேன்!"