யோஹனின் நீண்ட நன்றி

ஒரு ஜெபத்துக்கு என்ன விலை? யோஹனிடம் கேட்டால், ஒரு கிண்ணம் சூடான சாறு. அவன் ஜெபித்து முடிப்பதற்குள் சாறு ஆறிவிடும். ஒரே விலை, தள்ளுபடி கிடையாது.

தாமி பேரம் பேசிப் பார்க்காமல் இல்லை. கொரியாவின் பூசான் நகரத்து மீன் சந்தையில் கருவாட்டுக் கடைக்காரரின் மகள் அவள். எதிர்க்கடை யோஹனின் அம்மாவுடையது. மீனை அரைத்துச் செய்த கட்டிகளைக் குச்சியில் கோத்து, சாற்றில் கொதிக்க வைத்து விற்பார். பள்ளி விட்டதும் இரண்டு பேரும் அங்கேதான் உட்காருவார்கள்.

யோஹன் கண்களை மூடிக்கொள்வான்.

"ஆண்டவரே, மீன் பிடிச்ச படகுக்காரருக்காக நன்றி. ஐஸ் கொண்டுவந்த மாமாவுக்காக நன்றி. மீன் வெட்டின அத்தைக்காக நன்றி. கேஸ் தூக்கிட்டு வந்த அண்ணனுக்காக நன்றி. இன்னைக்கு ஒண்ணும் திருடாத பூனைக்காகவும் நன்றி."

"டேய், பாதிப் பேருக்கு இன்னைக்குச் சொல்லு. மீதிப் பேரை நாளைக்குப் பாத்துக்கலாம்."

"நாளைக்கும் அவங்க வேலை செய்வாங்களே. அப்புறம் சாறு இதைவிட ஆறிடும், பரவாயில்லையா?"

தாமி ஆறின சாறையே எடுத்துக் குடிப்பாள்.

யோஹனுக்குப் பிறவியிலேயே இதயம் பலவீனம். போன குளிர்காலத்தில் அவன் இறந்துபோனான். இன்று முதல் நினைவு நாள். மாலையில் வீட்டில் ஆராதனை என்று யோஹனின் அம்மா அழைத்திருந்தார்.

தாமியின் வீட்டில் நினைவு நாள் என்றால் படையல். தாத்தாவுக்கு வருடம் தவறாமல் வைப்பார்கள். அதனால் அவள் அப்பாவிடம் இருப்பதிலேயே நல்ல கருவாட்டைக் கேட்டாள்.

"அது விற்பனைக்கு வச்சது," என்றார் அப்பா.

"யோஹனுக்குப்பா."

அப்பா அதை எடுத்தார். இன்னொரு கருவாட்டையும் சேர்த்துக் கட்டினார். பேரிக்காயும் அரிசிப் பணியாரமும் வாங்கக் காசு கொடுத்தார். சோற்றை அவள் வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டாள்.

தாமி எல்லாருக்கும் முன்னால் போய்விட்டாள். யோஹனின் அம்மா போதகரை அழைத்துவரப் படியிறங்கிக்கொண்டிருந்தார். "உள்ள போய் உட்காரும்மா, இதோ வந்துடறேன்," என்றார்.

தாமியா சும்மா உட்காருகிறவள்? யோஹனின் படத்துக்கு முன்னால் குட்டி மேசையைப் போட்டாள். கிழக்கே மீன், ஓரமாகப் பேரிக்காய், அரிசிப் பணியாரம், நடுவில் சோறு. தாத்தாவின் படையலில் செய்வதுபோலச் சோற்றில் கரண்டியை நேராகக் குத்தி நிறுத்தினாள். இரண்டு முறை விழுந்து வணங்க வேண்டும். முதல் முறை நெற்றி தரையில் படும்போது கதவு திறந்தது.

வாசலில் யோஹனின் அம்மா, போதகர், சபை மூப்பர், இன்னும் நாலைந்து பேர்.

மூப்பர்தான் தொண்டையைச் செருமினார். "பாப்பா, நம்ம சபையில படையல் வைக்கிற வழக்கம் இல்லம்மா. செத்தவங்களை விழுந்து கும்பிடறதும் இல்ல."

தாமிக்குக் காது வரை சிவந்துவிட்டது. "அப்ப அவன் எதைச் சாப்பிடுவான்?"

யோஹனின் அம்மா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அவன் ஆண்டவர்கிட்ட இருக்கான். அங்க அவனுக்குப் பசிக்காதுன்னு நாங்க நம்பறோம், கண்ணு."

தாமி கரண்டியை உருவினாள். மேசையை மெல்ல ஓரமாக இழுத்தாள். போணியாகாத சரக்கைப் போல எல்லாவற்றையும் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதுதானா? யோஹனுக்காக இன்று தன் கையால் ஒன்றுமே செய்ய முடியாதா?

ஆராதனை தொடங்கியது. பாடினார்கள். போதகர் வேதம் வாசித்து ஜெபித்தார். "எல்லா நன்மைகளுக்காகவும் நன்றி, ஆமென்," என்று முடித்தார்.

தாமி ஒரு கண்ணைத் திறந்தாள். எல்லா நன்மைகளும் என்றால் எப்படி? ஐஸ் மாமா எங்கே? மீன் வெட்டும் அத்தை எங்கே?

"சித்தி," என்றாள் யோஹனின் அம்மாவிடம் மெதுவாக. "எனக்கு ஜெபம் பண்ணத் தெரியாது. யோஹன் தினமும் சொல்ற பேரெல்லாம் தெரியும். சொல்லலாமா?"

யோஹனின் அம்மா தலையசைத்தார். எல்லாரும் மறுபடி கண்களை மூடினார்கள்.

படகுக்காரர், ஐஸ் மாமா, மீன் அத்தை, கேஸ் அண்ணன், கடைசியாகப் பூனை. பூனை வந்ததும் மூப்பரின் தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று தாமிக்குத் தெரியவில்லை.

"ஒரு பேரை விட்டுட்ட," என்றார் யோஹனின் அம்மா.

"இவ்வளவுதான் சித்தி. நான் பக்கத்துலயே இருந்து கேட்டிருக்கேனே."

"நீ வீட்டுக்குப் போனப்புறம், ராத்திரிச் சாப்பாட்டுல ஒரு பேர் சேரும். 'ஆறின சாறைக் குடிச்சிட்டு என்கூட உட்கார்ந்திருந்த தாமிக்காக நன்றி.'"

தாமி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"சித்தி, தட்டு இருக்கா? படையலைப் பிரிச்சு வைக்கணும். யோஹனுக்கு இல்ல. அவன் யாருக்கெல்லாம் நன்றி சொன்னானோ அவங்களுக்கு."

மூப்பரே அடுக்களைக்குப் போய்த் தட்டுகளை எடுத்துவந்தார்.

சந்தையில் கடைகளைக் கட்டும் நேரத்தில் தாமி தட்டுகளோடு போனாள். ஐஸ் மாமா தட்டைச் சந்தேகத்தோடு பார்த்தார்.

"இது எதுக்கு? நான் சர்ச் பக்கமே போறதில்லையே."

"நானும்தான் போறதில்ல மாமா. யோஹன் தினமும் உங்களுக்காக நன்றி சொல்லுவான்."

"எனக்கா? அந்தப் பையனோட நான் பேசினதுகூட இல்லியே."

"ஐஸ் கொண்டுவந்தீங்கல்ல."

அவர் ஈரக் கையைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். பேரிக்காயை எடுத்துச் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்தார். அந்தச் சந்தையில் தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்தால் அவமானம். அவரிடம் வேறென்ன இருக்கும்? தட்டு நிறைய ஐஸைக் கொட்டிக் கொடுத்தார்.

மீன் வெட்டும் அத்தை தன் தட்டில் இரண்டு கணவாயை வைத்தார். படகுக்காரர் ஒரு பிடி சிப்பி போட்டார். கருவாட்டுத் தலையை வாங்கிக்கொண்ட பூனை மட்டும் ஒன்றும் தரவில்லை. கேஸ் அண்ணனோ, பணியாரத்தை வாயில் போட்டுக்கொண்டு, "தட்டைக் கழுவி நாளைக்குக் கொண்டாறேன்," என்று வண்டியைக் கிளப்பிவிட்டார்.

தாமியும் யோஹனின் அம்மாவும் வீட்டு வாசலில் நின்று கணக்குப் பார்த்தார்கள். போனது நாலு தட்டு, வந்தது மூன்று. பாக்கி ஒன்று.