தூங்கும் பிள்ளைக்குப் பெயர் வேண்டாம்

டெச்சிமான் சந்தையில் கிழங்கு மண்டிகளைத் தாண்டினால் ஒரு பழைய கொக்கோ கிடங்கு. அதில்தான் மாமே போமா, அதாவது போமா அம்மா, பிள்ளைகள் காப்பகம் நடத்தினாள். நான் வேலைக்குப் போய்ச் சேர்ந்த அன்று புழுதிக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. முதுகில் ஏழு மாதத்து மகனைத் துணியால் இறுகக் கட்டியிருந்தேன். கொக்கோ மூட்டைகள் போய் எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும் சுவரெல்லாம் அந்தப் புளித்த வாசனை.

என் மகனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் ஞாமெச்சே. கடவுள் கொடுத்தவன் என்று பொருள். கொடுத்த கடவுள் தூக்கத்தைச் சேர்த்துக் கொடுக்க மறந்துவிட்டார். என் முதுகில் இருந்தால் தூங்குவான். பாயில் இறக்கினால் ஊரைக் கூட்டுவான். பிள்ளை பிறந்ததிலிருந்து நான் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போலக் கண்ணை மூடியதில்லை. லாரி ஓட்டும் என் புருஷன் பத்து நாளுக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவான், வந்ததும் குறட்டை விடுவான். அவனுக்கென்ன.

மாமே போமா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"பாத்துக்கற வேலைக்கு வந்தவளையே யாராவது பாத்துக்கணும் போலிருக்கே. தூங்கி எத்தனை நாளாச்சு டுஃபியே?" என்று என் பெயரைச் சொல்லிக் கேட்டாள்.

"இவன் பொறந்து எத்தனை நாளோ அத்தனை நாள் மாமே."

அவள் சிரித்துக்கொண்டே தூங்கும் அறையைக் காட்டினாள். ஜன்னல்கள் பாதி சாத்தியிருந்தன. கெட்டியான பாய்களில் பதினோரு குழந்தைகள். மருத்துவமனையில் ஆறு வாரம் பயிற்சி எடுத்தவள் நான். குறை கண்டுபிடிக்கத்தான் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. எல்லாரும் மல்லாக்கப் படுத்திருந்தார்கள். தலையணை இல்லை, முகத்தருகே துணி இல்லை, கொசுவலை ஓரமெல்லாம் ஒழுங்காகச் செருகியிருந்தது.

"பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நெஞ்சுல கை வச்சுப் பாரு. அது உனக்கே தெரியும். இன்னொண்ணு இருக்கு. இந்த ரூமுக்குள்ள எந்தப் புள்ளையையும் பேர் சொல்லிக் கூப்பிடாத. அழகுன்னு வாயத் தொறக்காத."

"அப்புறம் எப்படிக் கூப்பிடறதாம்?"

"இது குப்பை. அது ஓட்டைச்சட்டி. மூலையில கிடக்கறது எலிப்புழுக்கை." என் முதுகை எட்டிப் பார்த்தாள். "இது பழஞ்சாக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரிசையாகப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள், அடுத்தது தங்கவேண்டும் என்று இப்படிப் பெயர் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம்தான்.

"பறிகொடுத்தவங்க வைக்கிற பேராச்சே மாமே. இதுங்களோட அம்மாங்க யாரும் பறிகொடுக்கலையே?"

"கொடுக்கக் கூடாதுன்னுதான்." அவள் குரல் இறங்கியது. "எல்லாப் புள்ளைக்கும், பொறக்கறதுக்கு முன்ன இருந்த அந்தப் பக்கமும் ஒரு அம்மா உண்டு. இந்த ரூம்ல அவ கொஞ்சம் கிட்டக்க வந்துடறா. தட்டிக் குடுப்பா, தூங்க வைப்பா. அதுவரைக்கும் நல்லவதான். பேர் தெரிஞ்சா கூட்டிக்கிட்டுப் போயிடுவா."

நான் தலையாட்டி வைத்தேன். நம்பவில்லை.

ஆனால் மதியம் ஒரு மணி ஆனதும் பதினோரு குழந்தைகளும் ஒன்றாகத் தூங்கின. தினமும். சிணுங்கல் கிடையாது, புரளல் கிடையாது. வெளியே தக்காளிக்காரிகள் தொண்டை கிழியக் கத்தினாலும் ஒரு இமை அசையாது. காப்பகத்தின் பெயர் சந்தை முழுக்கப் பரவியிருந்ததன் காரணம் புரிந்தது.

சத்தமும் கேட்டது. துணிமேல் உள்ளங்கை விழும் சத்தம். தப்... தப்... மாமே போமா தட்டுகிறாள் என்றே இரண்டு வாரம் நினைத்திருந்தேன். ஒருநாள் அந்தச் சத்தம் அறைக்குள் கேட்டுக்கொண்டிருக்க, அவள் வாசலில் கரி விற்பவனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். கொக்கோ நெடிக்கு நடுவே தாய்ப்பால் வாசனை வந்தது. இத்தனை குழந்தைகள் இருக்கும் இடத்தில் வேறென்ன வாசனை வரும் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

மறுநாள் முதுகுவலி தாங்கவில்லை. அழுதால் அழட்டும் என்று துணியை அவிழ்த்து மகனைப் பாயில் கிடத்தினேன். உதட்டைப் பிதுக்கினான். தப், தப் என்று சத்தம் அருகே வந்தது.

தூங்கிவிட்டான்.

முதல் தடவையாகப் பாயில் தூங்கினான். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. குனிந்து சொன்னேன்:

"என் ஞாமெச்சே! என் தங்கமே! எவ்வளவு அழகாத் தூங்கற நீ!"

தட்டும் சத்தம் நின்றது.

அறை முழுக்க நின்றது. யாரோ கையை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு கேட்பதுபோல.

பிறகு மறுபடி தொடங்கியது. என் மகன் பக்கத்தில் மட்டும்.

நெஞ்சில் கை வைத்தேன். சூடாகத்தான் இருந்தது. ஏறியது, இறங்கியது. அடுத்த மூச்சுக்குக் காத்திருந்தேன். ஐந்து எண்ணியபின் வந்தது. அடுத்தது ஒன்பது எண்ணியபின்.

வாரித் தூக்கினேன். தலை என் தோளில் துவண்டு விழுந்தது. உதட்டில் சிரிப்பு இருந்தது. என்னைப் பார்த்து அவன் சிரிக்கிற சிரிப்பு அல்ல அது.

அவன் முதுகுச் சட்டை ஒரு கை அகலத்துக்கு அமுங்கியது. எழும்பியது. மீண்டும் அமுங்கியது.

நான் போட்ட கூச்சலில் மாமே போமா ஓடி வந்தாள்.

"பேரைச் சொன்னியா?"

"சொல்லிட்டேன் மாமே... சொல்லிட்டேன்..."

"திட்டு அவனை. பெத்தவ நீதான் திட்டணும். இது எடுத்துட்டுப் போற அளவுக்கு ஒரு புள்ளையே இல்லன்னு சொல்லு. மனசாரச் சொல்லணும்டி. நடிச்சா அவளுக்குத் தெரியும்."

"அசிங்கம் புடிச்சவனே," என்றேன். "மூக்கு... மூக்கு சப்பையா இருக்கு உனக்கு..."

மூச்சு வரவில்லை. பன்னிரண்டு எண்ணிவிட்டேன்.

அப்போது எனக்குள் எது உடைந்ததோ தெரியாது.

"சனியனே! எழவு அழுகை அழுதே என்னைக் கொன்னுட்டியேடா! ஒரு ராத்திரி தூங்க விட்டியா? ஒரு வாய் நிம்மதியாத் திங்க விட்டியா? உன்னை யாருடா வச்சுக்குவா? நீ பொறக்காமலே இருந்திருந்தா நான் மனுஷியா இருந்திருப்பேன்!"

முதுகை அழுத்தியது விலகியது. மகன் கண்ணைத் திறந்து, முகம் கறுக்க, வீறிட்டு அழுதான். அந்த அழுகையைக் கேட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மாமே போமா கரியை எடுத்து அவன் நெற்றியில் பூசினாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை. நான் நடிக்கவில்லை என்பது அவளுக்கும் தெரிந்துவிட்டது. பெற்ற பிள்ளையைப் பார்த்து அதை நான் மனசாரச் சொன்னேன். அந்த வெட்கம் என்னை விட்டுப் போகவேயில்லை.

அன்றோடு வேலையை விட்டேன். மகன் வீட்டில் பழஞ்சாக்கு ஆனான். புருஷன் முறைத்தான், மாமியார் ஒரு வாரம் பேசவில்லை. நான் மசியவில்லை.

அவனுக்கு ஆறு வயதானபோது மகள் பிறந்தாள். எட்டாம் நாள் விடியலில் நாக்கில் தண்ணீர் தொட்டு வைத்து அசெடா என்று பெயரிட்டோம். நன்றி என்று பொருள். அன்று ஒருமுறை சொன்னதோடு சரி, பிறகு எல்லாருக்கும் அவள் துடைப்பம்தான். பாலைக் குடிப்பாள், கையை விரித்துத் தூங்குவாள், விழித்தால் கூரையைப் பார்த்துச் சிரிப்பாள். ஒரு ராத்திரிகூட என்னை எழுப்பியதில்லை. இப்படியும் ஒரு பிள்ளை உண்டா என்று நானே வியப்பேன்.

மழைக்காலத்தில் ஒரு மதியம். பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே மகள் லேசாகச் சிணுங்கி, உடனே அடங்கினாள்.

தப். தப்.

ஈரக்கையோடு உள்ளே போனேன். மகள் மல்லாக்கப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். மகன் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"யாருடா தட்டறது?"

"அவங்கதாம்மா. எனக்குத் தட்டறவங்க."

"உனக்கா? எப்பலேர்ந்து?"

"எப்பவுமேதான்." உதவி செய்த பெருமை அவன் முகத்தில். "பாப்பா பேரு கேட்டாங்க. துடைப்பம்னேன். அது இல்லன்னு சிரிச்சாங்க. அப்புறம் நெசப் பேரைச் சொன்னேன்."

மகளை அள்ளி எடுத்தேன். நெஞ்சில் கை வைத்தேன். ஏழு எண்ணினேன். பதினொன்று எண்ணினேன்.

திட்ட வாயைத் திறந்தேன். அழுமூஞ்சி என்று சொல்லலாமா? அவள் அழுததேயில்லை. தூக்கத்தைக் கெடுத்தாயே என்றால்? கெடுத்ததேயில்லை. சனியனே என்றேன். பொய்யாக ஒலித்தது. இன்னும் உரக்கச் சொன்னேன். அதுவும் பொய்தான். மனதை எங்கே துழாவினாலும் அவளைத் திட்ட ஒரு வார்த்தை அகப்படவில்லை.

தட்டும் சத்தம் நிற்கவில்லை.